படத்துக்கு ஒரு செம்பு நல்ல தண்ணி

வயது ஐம்பதைத் தொடும் நேரத்தில் படம் வரையும் பித்து மறுபடி என்னைப் பிடித்ததற்குக் காரணம் ஒரு பூட்டு. மகளைக் கட்டிக்கொடுத்து அனுப்பிய மறு மாதம், கொல்லைக் கதவுக்குப் போட ஒரு பூட்டைத் தேடிக்கொண்டிருந்தேன். நான் எதையும் அமைதியாகத் தேடுகிறவன் அல்ல. எங்கள் வீட்டில் வைத்த பொருள் வைத்த இடத்தில் இருக்காது என்பது என் கட்சி. வைத்த இடத்தைத் தவிர மற்ற எல்லா இடத்திலும் நான் தேடுவேன் என்பது என் மனைவியின் கட்சி. இப்படி வாதாடிக்கொண்டே கட்டிலுக்கு அடியில் கிடந்த தகரப் பெட்டியை இழுத்துத் திறந்தபோது, மகள் பள்ளிக்கூடம் போன காலத்து வாட்டர் கலர் பெட்டி கைக்கு வந்தது. சிவப்பு வில்லை மட்டும் தேய்ந்து குழி விழுந்திருந்தது. நீலத்தைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை.

கடற்கரை ஊரில் பிறந்த பிள்ளை நீலத்தைத் தொடவில்லையே என்று முதலில் கோபம்தான் வந்தது. பிறகு பூட்டை மறந்து, பெட்டியைத் துடைத்து மேசை மேல் வைத்தேன். கொல்லைக் கதவு அன்றைக்குப் பூட்டில்லாமலே கிடந்தது.

சின்ன வயதில் நான் நன்றாக வரைவேன். சொல்வதற்கு வேறு யாரும் இல்லாததால் நானே சொல்லிக்கொள்கிறேன். அப்பாவுக்குப் பலசரக்குக் கடை. பனங்காட்டு ஊரிலிருந்து வந்து தூத்துக்குடியில் கடை போட்டவர். கடையில் உட்காரச் சொன்னால் நான் துறைமுகத்துப் பக்கம் போய்ப் பாய்மரத் தோணிகளைப் பார்த்துவிட்டு வந்து, கிடைத்த தாளில் எல்லாம் வரைந்து அடுக்கி வைப்பேன். யுத்த காலத்தில் தாளுக்குத் தட்டுப்பாடு வந்தது. அப்பா யோசிக்கவே இல்லை. என் அடுக்கை எடுத்துப் பொட்டலம் மடித்துவிட்டார். என் தோணிகள் கடுகும் சீரகமும் சுமந்துகொண்டு ஊர் முழுக்கப் போயின. என் படங்கள் அத்தனை வீடுகளுக்குப் போனது அதற்குப் பிறகு இந்த நாள்வரை நடக்கவில்லை. நான் அழுதேன், அதற்கும் சேர்த்து அடி வாங்கினேன், அதோடு விட்டுவிட்டேன்.

பிறகு ஒரு கிளியரிங் ஏஜெண்ட் ஆபீசில் கிளார்க். வந்த சரக்குக்கும் போகிற சரக்குக்கும் கஸ்டம்ஸுக்குத் தாள் எழுதிக் கொடுக்கிற வேலை. கப்பல்களால் சோறு தின்றேனே தவிர, எந்தக் கப்பலிலும் ஏறிக் கடலுக்குள் போனதில்லை. படகு ஆடினால் எனக்குக் குடல் வெளியே வந்துவிடும். கரையில் நின்று பார்ப்பதற்குக் கடலைப் போல ஒரு நல்ல பொருள் கிடையாது.

அடுத்து வந்த ஞாயிற்றுக்கிழமை மேசையில் தாளை விரித்து, பெட்டியைத் திறந்து வைத்து, உள்ளே பார்த்து ஒரு டம்ளர் தண்ணீர் கேட்டேன். இங்கேதான் வினை தொடங்கியது.

எங்கள் ஊரில் தண்ணீர் என்று பொதுவாக ஒன்று கிடையாது. நல்ல தண்ணி, உப்புத் தண்ணி என்று இரண்டு. உப்புத் தண்ணி வீட்டுக் கிணற்றில் வேண்டிய மட்டும் உண்டு. குளிக்க, துவைக்க, பாத்திரம் கழுவ அதுதான். நல்ல தண்ணி ஒரு நாள் விட்டு ஒரு நாள் விடியற்காலையில் தெருக்குழாயில் வரும். வரிசையில் நின்று, வாயால் சண்டை போட்டு, இடுப்பில் தூக்கி வரவேண்டும். அதைச் செய்கிறவள் என் மனைவி. குசினியில் குடங்களை வரிசையாக வைத்து, இது குடிக்க, இது உலைக்கு, இது விருந்தாளி வந்தால் என்று அவள் சட்டம் போட்டிருந்தாள். கஸ்டம்ஸ்காரர்களைச் சரிக்கட்டிப் பழகிய எனக்கு, அந்தக் குடங்களிடம் மட்டும் ஒன்றும் நடக்காது.

எதற்கு என்று கேட்டாள். பிரஷ் கழுவ என்றேன். குசினி வாசலுக்கே வந்துவிட்டாள்.

"குடிக்கத் தண்ணிக்கு ஊரே குடத்தத் தூக்கிக்கிட்டு அலையுது. ஒங்க பிரஷுக்கு நல்ல தண்ணி கேக்குதோ?"

நானும் விடுகிறவன் இல்லை. பள்ளிக்கூடக் காலம் தொட்டு அடக்கி வைத்திருந்த கலைக்கு ஒரு டம்ளர் தண்ணீருக்கு வக்கில்லையா என்று சத்தம் போட்டேன். கலைக்குக் கிணறு கொல்லையில் இருக்கிறது என்று சொல்லிவிட்டு அவள் உள்ளே போனாள். போய்க் கிணற்றில் இறைத்துக்கொண்டு வந்தேன். கடலைத்தானே வரையப்போகிறோம், கடலுக்கு உப்புத் தண்ணி ஆகாதா என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

வரைந்தேன். விட்டுப்போன கை அல்லவா, முதலில் தோணி எல்லாம் சோப்பு டப்பா மாதிரி வந்தது. மூன்றாம் மாதம் தோணி தோணியாயிற்று. ஆனால் முதல் படத்திலிருந்தே ஒரு விசேஷம் இருந்தது. காய்ந்த பிறகு வெயிலில் சாய்த்துப் பிடித்தால் என் கடல் மினுங்கும். அலை மேலெல்லாம் பொடிப்பொடியாக ஒளி. உச்சி வெயிலில் நிஜக் கடல் எப்படிக் கண்ணைக் கூசவைக்குமோ அப்படி. ஆபீசில் காட்டினேன். எனக்கு அடுத்த மேசைக்காரர் படத்தை ஜன்னலோரம் கொண்டுபோய்த் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, இதை எப்படிக் கொண்டுவந்தீர் என்று கேட்டார். கைப்பழக்கம் என்றேன். அதைச் சொல்லும்போது என் முகத்தில் ஒரு அடக்கம்கூட இருந்திருக்கும். எனக்கே தெரியாமல் என் விரல்களில் என்னமோ இருக்கிறது என்று அன்று முழுமனதாக நம்பினேன்.

அந்த மினுக்கத்தைப் பார்த்துத்தான் அடுத்த வீட்டுத் தண்டல் மயங்கினான். தண்டல் என்றால் தோணியின் தலைவன். வெங்காயமும் கூரை ஓடும் ஏற்றிக்கொண்டு கொழும்புக்குப் பாய் விரித்துப் போகிற தோணி அவனுடையது. புது ஹார்பர் வேலை அப்போது மும்முரமாக நடந்தாலும், தோணிகள் பழைய துறைமுகத்தில்தான் கிடந்தன. ஆள் குட்டை, குரல் மட்டும் நடுக்கடலுக்குக் கேட்கும். என்னைவிட இளையவன். அவன் மனைவியும் என் மனைவியும் குழாயடியில் ஒரே கட்சி.

தன் தோணியை வரைந்து தரவேண்டும் என்றான். வரைந்தேன். பாய் மூன்றையும் வரைந்து, பாய்மர உச்சியில் சிலுவை வைத்துக் காட்டினால், தான் எங்கே என்று தேடினான். பின்புறத்தில் எள்ளுப் போல ஒரு புள்ளியைக் காட்டினேன். அவனுக்குத் திருப்தி இல்லை.

"அண்ணாச்சி, தோணி சின்னதா இருந்தாலும் பரவால்ல. நான் தெரியணும்."

அளவுகளைப் பற்றி விளக்கிப் பார்த்தேன். தன் தோணியில் தன் அளவு தனக்குத் தெரியும் என்றான். கடைசியில் வெள்ளைப் பனியனும் இடுப்பில் கட்டம் போட்ட சாரமுமாக, நெற்றியில் கை வைத்துத் தூரத்தைப் பார்த்துக்கொண்டு, பாதி மர உயரத்துக்கு அவனை நிற்க வைத்தேன். அந்தக் கணக்குப்படி நிஜத்தில் அவன் ஒரு பனை உயரம் இருக்கவேண்டும். பரம திருப்தி. அட்டையில் ஒட்டி, தன் வீட்டு முன்னறையில் மாதா படத்துக்குக் கீழே ஆணி அடித்து மாட்டினான். கண்ணாடி போடுவதைக் கொழும்பு போய்விட்டு வந்து பார்த்துக்கொள்ளலாம் என்றான். எனக்கு அங்கிருந்து அசல் கலர்ப் பெட்டி வாங்கி வருவதாகவும் வாக்குக் கொடுத்துவிட்டுப் போனான்.

அது ஐப்பசி. வானம் மூடியது. மூடியதே தவிர எங்கள் ஊரில் ஒரு சொட்டு விழவில்லை. மேற்கே மலையில் கொட்டித் தீர்த்தது. ஆற்றில் வெள்ளம் வந்து, தண்ணீர் ஏற்றும் மோட்டார் மூழ்கிவிட்டதாம். எங்கள் குழாய் நின்றுபோயிற்று. ஆற்றில் தண்ணீர் கூடினால் ஊருக்குத் தண்ணீர் இல்லாமல் போகும் என்ற இந்தக் கணக்கு எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. வாடைக்காற்று ஈரத்தோடு வீசிக்கொண்டே இருந்தது. துணி காயவில்லை. தீப்பெட்டி பற்றவில்லை. உப்புச் சாடியில் உப்பு கூழாகிக் கிடந்தது. இதையெல்லாம் பார்த்தும் எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை.

ஒருநாள் காலையில் தண்டலின் மனைவி எங்கள் வாசலில் வந்து நின்றாள். ஒரு எட்டு வந்து படத்தைப் பார்க்கவேண்டும் என்றாள். என்ன விஷயம் என்று கேட்டேன்.

"நேத்து முழங்கால்தான் போயிருந்துச்சு, அண்ணாச்சி. இன்னைக்கு இடுப்பு வரைக்கும் எறங்கிட்டாக."

போய்ப் பார்த்தேன். படம் வியர்த்திருந்தது. முத்து முத்தாக ஈரம் கோத்து, வண்ணம் கரைந்து கீழே வழிந்துகொண்டிருந்தது. பாய்கள் வெளுத்துவிட்டன. தோணியின் கறுப்பு கடலுக்குள் இறங்கிவிட்டது. சாரத்தின் கட்டங்கள் கரைந்து, தண்டலுக்கு இடுப்புக்குக் கீழே ஒன்றுமில்லை. மிச்சமிருந்த அரை ஆள் மட்டும் நெற்றியில் கை வைத்து, தனக்கு ஒன்றும் ஆகாதது போலத் தூரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. திரும்பி அவளைப் பார்த்தேன். கண் வீங்கியிருந்தது. கூடப்போன தோணிகள் திரும்பிவிட்டன. தண்டலின் தோணியை மட்டும் யாரும் பார்க்கவில்லை என்று சொல்லிவிட்டார்கள். அவள் சாப்பிடவில்லை என்று முன்னறையில் கூடியிருந்த தெருப் பெண்களில் ஒருத்தி சொன்னாள். மாதாவுக்கு ஏற்றிய மெழுகுவர்த்திகள் வரிசையாக எரிந்துகொண்டிருந்தன. எனக்குச் சிரிப்பு போய்விட்டது.

வழிந்த நீலத்தை விரலால் தொட்டு நாக்கில் வைத்தேன். கரித்தது. அப்போதுதான் எல்லாம் விளங்கியது. கிணற்று உப்பு தாளில் தங்கி, ஈரக்காற்றை உறிஞ்சிக் கசிகிறது. ஆபீசே வியந்த அந்த மினுக்கம், என் விரலில் இருந்த வித்தை, எல்லாம் இந்த உப்புதான். இவ்வளவு பேருக்கு முன்னால் நின்றுகொண்டு ஒருவன் தன் மேதைமையை நாக்கால் நக்கிப் பார்த்துத் தெரிந்துகொள்வது பெரிய தண்டனை.

ஆனாலும் சொன்னேன். இது சகுனம் இல்லை, நான் கிணற்றுத் தண்ணீரில் வரைந்தேன், அதனால் வெறும் உப்பு கசிகிறது, அவ்வளவுதான் என்று விளக்கினேன். அவள் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உப்புன்னா கடல்தான அண்ணாச்சி" என்றாள்.

 படத்தைக் கழற்றிவிடலாம் என்றேன். அறை முழுக்க ஒரு முணுமுணுப்பு. தோணி கடலில் இருக்கும்போது படத்தைக் கழற்றுவதா என்று என்னை ஒரு மாதிரிப் பார்த்தார்கள். கழற்றவும் கூடாது, விட்டால் சாயங்காலத்துக்குள் பனியனும் போய்விடும்.

வீட்டுக்கு வந்து மனைவியின் மேல் பாய்ந்தேன். வேறு யார் மேல் பாய்வது? அன்றைக்கு ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்திருந்தால் இன்றைக்கு ஒரு பெண் பட்டினி கிடப்பாளா என்று கேட்டேன். வழக்கமாக இதற்கு இரட்டிப்பாகத் திருப்பித் தருவாள்.  அன்றைக்கு, நல்ல தண்ணியில் வரைந்தால் கரையாதா என்று மட்டும் கேட்டாள். கரையாது என்றேன். எனக்கு அவ்வளவு நிச்சயம் இல்லை. ஆனால் சத்தம் போட்டுக்கொண்டிருந்த வேகத்தில் சந்தேகமாகச் சொல்ல முடியவில்லை.

குசினிக்குள் போனாள். குழாய் நின்றதிலிருந்து வீட்டில் மிச்சம் ஒரே ஒரு குடம். நாங்கள் அதைத் தொண்டை நனைய மட்டும் குடித்துக்கொண்டிருந்தோம். ராத்திரி எனக்குத் தாகம் எடுத்தால் அவளைக் கேட்டுத்தான் குடிக்கவேண்டும். அந்தக் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

"கலர்ப் பெட்டிய எடுத்துக்கிட்டு வாங்க" என்று சொல்லிவிட்டு எனக்கு முன்னால் நடந்தாள்.

தண்டல் வீட்டு மேசையில் புதுத் தாளை விரித்து உட்கார்ந்தேன். பழைய படத்தைக் கழற்றாமல் அதன் மேலேயே புதுப் படத்தை மாட்டுவது என்று முடிவாயிற்று. முன்னறையிலிருந்த பெண்கள் எல்லோரும் மேசையைச் சுற்றிக்கொண்டார்கள். தோணியிலிருந்து தொடங்கப் போனேன். முதலில் அவரை வரையுங்கள் என்றாள் தண்டலின் மனைவி. ஆளை வரைந்தால்தானே தோணி எதற்கு என்று தெரியும் என்றாள். சரி என்று காலிலிருந்து தொடங்கினேன். நிற்கவேண்டாம், உட்கார்ந்திருக்கட்டும் என்றாள். உட்காரவைத்தேன். விளிம்பில் வேண்டாம், நடுவில் இருக்கட்டும். நடுவில் வைத்தேன். இடுப்பில் ஒரு கயிறு கட்டி மரத்தோடு சேர்த்துவிடுங்கள் என்றாள். கட்டினேன்.

பிறகு ஆளுக்கு ஆள் கடலைத் திருத்த ஆரம்பித்தார்கள். அலை பெரிதாக இருக்கிறது என்றாள் ஒருத்தி. குறைத்தேன். மேகம் எதற்கு என்றாள் இன்னொருத்தி. மேகத்தை எடுத்துவிட்டுச் சூரியனை வைத்தேன். கரை தெரியவேண்டும் என்றார்கள். தூரத்தில் ஒரு கோடு போட்டேன். அது எந்தக் கரை, கொழும்புக் கரையாகவும் இருக்கலாமே என்று கேட்டார்கள். நம் லைட் ஹவுசை வரைந்து சந்தேகத்தைத் தீர்த்தேன். இன்னும் கொஞ்சம் பக்கத்தில், இன்னும் கொஞ்சம் பக்கத்தில் என்று சொல்லிச் சொல்லி, கடைசியில் தோணி முழங்கால் அளவுத் தண்ணீரில், நண்டு பிடிக்கிற இடத்தில் வந்து நின்றது. வேறு நாளாக இருந்தால் தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு எழுந்து போயிருப்பேன். அன்றைக்கு எனக்குக் கோபமே வரவில்லை. அந்தப் பெண் சொன்ன இடத்தில் எல்லாம் தோணியைக் கொண்டுபோய் நிறுத்தவேண்டும் என்றுதான் இருந்தது.

நடுவில் இன்னொன்றும் நடந்தது. பிரஷைக் கழுவிக் கழுவி டம்ளர் கறுத்துவிட்டது. மிச்சம் பிடித்துத்தான் வரைந்துகொண்டிருந்தேன். குடத்தின் பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் மனைவி எட்டிப் பார்த்துவிட்டு, கலங்கிருச்சே என்று சொல்லி, டம்ளரை வாங்கி முற்றத்தில் கொட்டிவிட்டுப் புதிதாக நல்ல தண்ணி ஊற்றி வைத்தாள். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி கொட்டினாள், மறுபடி ஊற்றினாள். நல்ல தண்ணியை அவள் முற்றத்தில் கொட்டி நான் பார்த்ததே இல்லை. அரிசி களைந்த தண்ணியைக்கூட எண்ணி எண்ணிச் செலவழிப்பவள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. சூரியனுக்கு மஞ்சள் போடுகிற சாக்கில் குனிந்துகொண்டேன்.

படத்தை மாட்டினோம். ஈரம் காய்வதற்காக ஐந்தாறு பெண்கள் பனையோலை விசிறியால் தண்டலுக்கு விசிறினார்கள். அதற்குப் பிறகுதான் தண்டலின் மனைவி இரண்டு வாய் கஞ்சி குடித்தாள். அன்று ராத்திரி எங்கள் வீட்டில் குடிக்க எதுவுமில்லை. காலையில் என் மனைவி இரண்டு தெரு தள்ளிப் போய் யாரிடமோ ஒரு செம்பு தண்ணி இரவல் வாங்கி வந்தாள்.

படம் கரையவில்லை. சுவர் வியர்த்தது, பழைய படம் அடியில் அழுதது, புதுப் படம் அப்படியே இருந்தது. நான் வேளைக்கு ஒரு தடவை போய்த் தொட்டுப் பார்த்துவிட்டு வந்தேன். அந்த வாரக் கடைசியில் தோணி வந்து சேர்ந்தது. காற்று சரியில்லாததால் ஒரு தீவோரமாக ஒதுங்கிக் கிடந்தோம் என்று தண்டல் சாவகாசமாகச் சொன்னான். வந்தவன் முதலில் பார்த்தது படத்தைத்தான். அவன் குரல் எங்கள் வீடுவரை கேட்டது. எந்தப் பைத்தியக்காரன் தோணியை இவ்வளவு கரைக்கு ஏற்றுவான், அடி தரை தட்டாதா, என்னை ஏன் திருடனைப் போலக் கட்டிப்போட்டிருக்கிறது என்று கத்தினான். அவன் மனைவியின் குரலும் கேட்டது.

"அப்படியே இருக்கட்டும்" என்றாள். படம் ஆணியை விட்டு இறங்கவில்லை.

குழாயில் தண்ணீர் வந்துவிட்டது. முதல் நாள் காலையில் குசினிக்குள் போனபோது, குடிக்கிற குடத்துக்கும் உலைக் குடத்துக்கும் நடுவே ஒரு பித்தளைச் செம்பு தட்டு மூடி உட்கார்ந்திருந்தது.   நான் மேசையில் தாளை விரித்ததும் செம்பு மேசைக்கு வந்தது. அன்றிலிருந்து என் படங்களில் மினுக்கம் போய்விட்டது. ஆபீஸ் நண்பர் ஜன்னலோரம் வைத்துப் பார்த்துவிட்டு, வயதாகிவிட்டால் கை கொஞ்சம் தளரத்தான் செய்யும் என்று ஆறுதல் சொன்னார்.

சொன்ன வாக்குப்படி தண்டல் கலர்ப் பெட்டியோடு வந்தான். மரப் பெட்டி. உள்ளே குழல் குழலாக அசல் வண்ணங்கள். வெயிலில் நடந்து வந்தவன் குடிக்கத் தண்ணீர் கேட்டுக்கொண்டே, மேசையிலிருந்த செம்பை எடுக்கக் கை நீட்டினான். குசினி வாசலிலிருந்து என் மனைவி தடுத்தாள்.

"அதத் தொடாதீய தம்பி. அது இவுக படத்துக்கு உள்ளது. ஒங்களுக்கு வேற தாரேன்."

அவள் உள்ளே திரும்பியதும் தண்டல் என் பக்கம் சாய்ந்தான். "அண்ணாச்சி, கடக்காரன் சொன்னான். இது எண்ணெய்ச் சாயமாம். இதுக்குத் தண்ணியே வேண்டாமாம்" என்று ஆரம்பித்தான். அவன் மெதுவாகப் பேசினாலே தெருமுனைக்குக் கேட்கும். நான் அவன் காலை ஓங்கி மிதித்தேன். பெட்டியை மூடி, கட்டிலுக்கு அடியில் இருக்கும் தகரப் பெட்டியில் கொண்டுபோய் வைத்தேன். கொல்லைக் கதவுக்கென்று அன்றைக்கு நான் தேடிய பூட்டு அங்கேதான் கிடந்தது. அதை எடுத்து அந்தத் தகரப் பெட்டிக்கே போட்டுவிட்டேன்.